மதுரை ஹோட்டலில் சர்வர் வேலை: சம்பளம் எவ்வளவு, டிப்ஸ் எவ்வளவு?

"என் தம்பி பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறான். மதுரையில் ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேரக் கூப்பிடுகிறார்கள். மாதம் 10,000 ரூபாய் சம்பளம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், டிப்ஸ் மட்டுமே இன்னொரு 10,000 வரும் என்கிறார்கள். நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த அளவுக்கு டிப்ஸ் வராது. வந்தாலும் அதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க முதலாளிக்கு உரிமை இல்லை. மதுரையில் பல ஆண்டுகளாக ஹோட்டல் கணக்கு எழுதுகிறேன். சம்பளப் பதிவேடு, போனஸ் பட்டியல், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கு எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகின்றன. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலுக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் கணக்குத் தெரியாமலேயே சேர்கிறார்கள்.

முதலில் சம்பளம். நான் அறிந்த கடைகளை வைத்துச் சொன்னால், மதுரையில் நடுத்தரமான சைவ ஹோட்டலில் புதிதாகச் சேரும் சர்வருக்கு இப்போது 12,000 முதல் 15,000 வரை கொடுக்கிறார்கள். சாப்பாடும் அறையும் தனி. நான்கைந்து ஆண்டு அனுபவமும், ஏ.சி. ஹாலைத் தனியாகச் சமாளிக்கும் திறமையும் இருந்தால் அதற்கு மேலும் இரண்டு மூன்று ஆயிரம் கிடைக்கும். அசைவ மெஸ்களிலும் இரவுப் பரோட்டா கடைகளிலும் பெரும்பாலும் தினக்கூலிதான். 500, 600 ரூபாய் என்று அன்றன்றைக்கே கல்லாவிலிருந்து வாங்கிக்கொண்டு போவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கடை அடைத்த நாளும் காய்ச்சலில் படுத்த நாளும் கூலி கிடையாது. அசைவக் கடை என்றால் புரட்டாசி மாதம் முதலாளியே 'நாளை வர வேண்டாம்' என்று சொல்லிவிடுவார். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தினக்கூலி பல நேரம் மாதச் சம்பளத்தைவிடக் குறைந்துதான் நிற்கும்.

எனவே உங்கள் தம்பிக்குச் சொல்லப்பட்ட 10,000 இன்றைய மதுரைச் சந்தைக்கே குறைவு. அதைவிட முக்கியமாக, ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் தமிழ்நாடு அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு அது. இப்போது 2019 ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. அடிப்படை ஊதியம் ஒரு பகுதி, அகவிலைப்படி ஒரு பகுதி. விலைவாசிக் குறியீட்டை வைத்து அகவிலைப்படி ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 அன்று மாறும். சேருவதற்கு முன்பு அந்த ஆண்டுக்கான தொகையைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலாளி சொல்லும் தொகை அதற்குக் கீழே இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். 'தங்க இடம் கொடுக்கிறேனே' என்பார்கள். தங்குமிடத்தின் மதிப்பு ஊதியக் கணக்கில் சேராது.

அடுத்தது வேலை நேரம். வருமானத்தைப் பற்றிக் கேட்பவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை, எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம். வழக்கமான ஹோட்டல் சர்வரின் நாள் காலை ஆறரை மணிக்கு டிபனோடு தொடங்கும். மதியச் சாப்பாடு முடிந்து மூன்றரைக்கு மேல் கொஞ்சம் இடைவேளை. மாலை ஆறுக்கு மறுபடி சட்டையை மாட்டினால் கடைசி மேசை எழுந்து, நாற்காலிகளைக் கவிழ்த்து வைக்க இரவு பதினொன்று ஆகிவிடும். இடைவேளைகளையும் சாப்பிடும் நேரத்தையும் கழித்தாலும் பத்து மணி நேரத்துக்குக் குறையாத உழைப்பு. 1958 ஆம் ஆண்டின் தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை வைத்தது. அதைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் இரு மடங்கு ஊதியம் கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 14,000 சம்பளம், 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். வாரம் 48 மணி என்றால் நாளுக்கு 8 மணி. ஒரு மணிக்கு ஏறக்குறைய 67 ரூபாய். தினமும் பத்து மணி நேரம் உழைத்தால் கூடுதல் இரண்டு மணி. இரு மடங்காக 269 ரூபாய். 26 நாளுக்கு 7,000 ரூபாய். டிப்ஸ் கிடைக்குமா என்று கேட்கும் பையனுக்கு, டிப்ஸைவிடப் பெரிய தொகை ஒவ்வொரு மாதமும் கைக்கு வராமல் நின்றுவிடுகிறது என்பது தெரிவதில்லை. இந்த 7,000 ரூபாயை முழுதாகக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்றையும் நான் பார்த்ததில்லை. சில முதலாளிகள் 'பேட்டா' என்ற பெயரில் ஒரு தொகையைக் கொடுத்துச் சரிக்கட்டுவார்கள். கேட்பவனுக்குக் கிடைக்கும், கேட்காதவனுக்கு அதுவும் இல்லை.

இனி டிப்ஸ். இது எந்தக் கடை, எந்த ஹால், எந்த மாதம் என்பதைப் பொறுத்தது. கல்லாவில் டோக்கன் வாங்கி நின்றுகொண்டு சாப்பிடும் கடையில் டிப்ஸ் என்பதே கிடையாது. இலை போட்டுப் பரிமாறும் மெஸ்ஸில் கூட்டம் அதிகம், மேசைக்குப் பின்னால் அடுத்த ஆள் நின்றுகொண்டிருப்பார். சாப்பிட்டவர் கை கழுவி நேராகக் கல்லாவுக்குப் போய்விடுவார். அங்கே சர்வருக்கு நாளுக்கு 50 ரூபாய் வந்தால் நல்ல நாள். சாதாரண சைவ ஹோட்டலின் கீழ் ஹாலிலும் ஏறக்குறைய அதே நிலைதான். மாடி ஏ.சி. ஹால்தான் டிப்ஸ் விழும் இடம். குடும்பமாக வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வரை வாங்கிக் கொடுத்துவிட்டு எழுகிறவர்கள் இருபதோ ஐம்பதோ வைக்காமல் போவது அரிது. அங்கே வார நாளில் 100, 150, சனி ஞாயிறில் 300 வரை ஒருவருக்குச் சேரலாம். நட்சத்திர ஹோட்டல்களிலும் மதுக்கூடத்தோடு சேர்ந்த உணவகங்களிலும் இதற்கு மேல் கிடைக்கும். ஆனால் அங்கே ஆங்கிலம் பேச வேண்டும், மெனு அட்டையைத் தலைகீழாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், முதல் ஓராண்டு மேசையே கொடுக்காமல் தண்ணீர் ஊற்ற மட்டும் விடுவார்கள்.

மாதக் கணக்கில் சொன்னால், நடுத்தர ஹோட்டலின் ஏ.சி. ஹாலில் இருப்பவருக்கு 3,000 முதல் 4,000 வரை என்பது என் மதிப்பீடு. புதுப் பையனை எடுத்தவுடன் அந்த ஹாலுக்கு அனுப்ப மாட்டார்கள். கீழ் ஹாலில் 1,500 ரூபாய் சேர்ந்தாலே பெரிது. இன்னொரு 10,000 என்பது சித்திரைத் திருவிழா மாதத்துக்கோ, கார்த்திகையும் மார்கழியுமாக ஐயப்ப பக்தர்கள் வேன் வேனாக வந்திறங்கி மீனாட்சியம்மனைக் கும்பிட்டுவிட்டு மாசி வீதிகளிலும் டவுன்ஹால் ரோட்டிலும் சாப்பிடும் நாட்களுக்கோ, நல்ல இடத்தில் நிற்கும் மூத்த சர்வருக்கு ஒருவேளை பொருந்தலாம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளின் வசூலை ஆண்டு முழுவதற்கும் பெருக்கிச் சொல்வது ஆள் பிடிக்கும் பேச்சு.

டிப்ஸ் வாங்குவதிலும் ஒரு கைநேர்த்தி இருக்கிறது. பில் 340 ரூபாய், வாடிக்கையாளர் 500 ரூபாய்த் தாள் கொடுக்கிறார். அனுபவமுள்ள சர்வர் கல்லாவில் போய், "அண்ணே, பத்து ரூபாயாகக் கொஞ்சம் கொடுங்கள்" என்று கேட்பார். ஒரு நூறு, ஒரு இருபது, நான்கு பத்து. பில் வைக்கும் அட்டையில் நூறு ரூபாயை அடியில் வைத்து, மேலே பத்து ரூபாய்த் தாள்களைப் பிரித்து, ஓரத்தில் சோம்புக் கிண்ணத்தை வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, உடனே இரண்டடி தள்ளிப் பக்கத்து மேசையைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். பக்கத்திலேயே நின்றால் வாடிக்கையாளருக்குச் சங்கடம். கண்ணுக்கு எட்டாமல் போய்விட்டால் மறந்துவிடுவார். மீதி 160 ரூபாயை ஒரு நூறு, ஒரு ஐம்பது, ஒரு பத்து என்று கொண்டுவந்தால் அந்த ஒற்றைப் பத்தை வைக்க அவருக்குக் கூச்சம், ஐம்பதை வைக்க மனம் வராது, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இந்த வித்தையெல்லாம் கடந்த சில ஆண்டுகளில் பயனற்றுப் போய்க்கொண்டிருக்கிறது. மேசை மேலேயே கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் கைபேசியை நீட்டுகிறார், கல்லாவில் இருக்கும் பெட்டி '340 ரூபாய் பெறப்பட்டது' என்று கத்துகிறது, எழுந்து போய்விடுகிறார். மீதிச் சில்லறை என்ற ஒன்றே இல்லை. கொடுக்க மனமுள்ளவர்களுக்கும் கையில் காசு இல்லை. 'பில்லோடு சேர்த்து 370 அனுப்பிவிட்டேன், முப்பது உனக்கு' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த முப்பது முதலாளியின் கணக்குக்குப் போகிறது. நல்ல கல்லாக்காரர் ஒரு நோட்டில் குறித்துவைத்து இரவில் எடுத்துக் கொடுப்பார். எல்லாக் கல்லாவிலும் அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பதில்லை. சர்வரின் சொந்த எண்ணுக்கு அனுப்பச் சொல்லலாமே என்றால், பெரும்பாலான கடைகளில் வேலை நேரத்தில் கைபேசியை வாங்கி வைத்துவிடுகிறார்கள். டிப்ஸ் வருமானம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று மூத்த சர்வர்கள் சொல்கிறார்கள். என் கண்ணில் பட்டதும் அதுதான். பழைய டிப்ஸ் கணக்கைச் சொல்லி ஆள் சேர்க்கிறவர்கள் இந்த மாற்றத்தைச் சொல்வதில்லை. வாடிக்கையாளராகப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சட்டைப் பையில் இரண்டு மூன்று பத்து ரூபாய்த் தாள் வைத்துக்கொள்ளுங்கள், சர்வரின் கையிலேயே கொடுங்கள்.

கிடைப்பதும் முழுதாக ஒருவருக்கே போகாது. சில கடைகளில் கல்லா அருகே பொதுப் பெட்டி. வாரக் கடைசியில் பிரிப்பார்கள். சில கடைகளில் அவரவர் மேசை அவரவருக்கு. எனக்குப் பொதுப் பெட்டிதான் நியாயமாகப் படுகிறது. இலை எடுத்து மேசை துடைக்கும் பையனும், பின்னால் பாத்திரம் கழுவும் அம்மாவும் இல்லாவிட்டால் அந்த மேசைக்கு வாடிக்கையாளரே வந்து உட்கார மாட்டார். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வேலை செய்யும் பையன்களுக்குப் பேச்சு வராததாலேயே டிப்ஸ் குறைவு. பெட்டி இருந்தால் அவர்களுக்கும் பங்கு வரும். மேற்பார்வையாளருக்கும் முதலாளியின் உறவினருக்கும் அதில் பங்கு போகும் கடைகள் உண்டு. அதை ஏற்க முடியாது. தம்பி சேரும் இடத்தில் பெட்டி உண்டா, யார் பிரிக்கிறார்கள், எல்லோர் முன்னிலையிலுமா என்பதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

சட்டம் டிப்ஸை எப்படிப் பார்க்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹோட்டல் நிர்வாகமே வசூலித்து ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாலும் அந்தத் தொகை சம்பளம் ஆகாது, அது வாடிக்கையாளர் கொடுத்தது என்று 2016 இல் ஒரு வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதில் சர்வருக்கு நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. டிப்ஸைக் காட்டி 'குறைந்தபட்ச ஊதியம் கொடுத்துவிட்டேன்' என்று முதலாளி கணக்குக் காட்ட முடியாது. அதே காரணத்தால் டிப்ஸுக்குப் பி.எஃப். கிடையாது, போனஸ் கிடையாது, பணிக்கொடை கிடையாது. 12,000 சம்பளம் 5,000 டிப்ஸ் என்பவரும், 17,000 சம்பளம் டிப்ஸே இல்லை என்பவரும் மாதக் கடைசியில் ஒரே தொகையை எண்ணலாம்; பத்தாண்டு கழித்து இருவர் கையிலும் இருப்பது ஒன்றாக இருக்காது.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் சர்வர் வேலை என்றாலே டிப்ஸ்தான் என்று சொல்லியிருப்பார்கள். அங்கே முறையே வேறு. பொதுவான மத்தியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். ஆனால் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டியது 2.13 டாலர்தான், 1991 முதல் அந்தத் தொகை மாறவில்லை. மீதியை டிப்ஸ் நிரப்பியாக வேண்டும், நிரப்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும். டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கும் இந்தக் கழிவைக் கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் ஏற்பதில்லை. அதனால்தான் அங்கே பில்லில் 15, 20 சதவீதம் வைப்பது கட்டாயம் போலவே ஆகிவிட்டது. நம் நாட்டில் அந்தக் கழிவு சட்டத்தில் இல்லை. 'டிப்ஸ் வருமே' என்று சம்பளத்தைக் குறைக்கும் முதலாளி, இங்கே இல்லாத ஒரு சட்டத்தைத் தானாகவே நடைமுறைப்படுத்திக்கொள்கிறார்.

சில பெரிய உணவகங்கள் பில்லிலேயே சேவைக் கட்டணம் சேர்ப்பது உண்டு. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. மதுரையில் பெரும்பாலான கடைகளில் இந்தப் பழக்கமே இல்லை. பில்லில் தெரியும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி.; அது அரசுக்குப் போகும் வரி. அதைச் சர்வருக்கான பணம் என்று நினைத்துக்கொண்டு டிப்ஸ் வைக்காமல் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது, சேரும்போது உண்மையில் பேசிப் பெற வேண்டியவற்றுக்கு வருகிறேன். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஹோட்டல் என்றால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவர் அதில் வருவார். ஊழியர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 14,000 சம்பளத்துக்குத் தம்பி கொடுப்பது 105 ரூபாய். அதற்கு அவனுக்கும், அவனை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் தத்தனேரி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை, நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம், வேலையில் அடிபட்டால் 90 சதவீதம். கொதிக்கும் சாம்பார் வாளியோடு ஈரத் தரையில் ஓடும் வேலை இது. காலில் சாம்பார் கொட்டிப் பல வாரம் நடக்க முடியாமல் கிடந்த பையனுக்கு, பெயர் பதிவேட்டில் இல்லை என்ற காரணத்தால் ஒரு ரூபாயும் கிடைக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த 105 ரூபாயை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

20 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் பி.எஃப். அவன் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளியும் அதே அளவு போடுவார். 14,000 ரூபாய்க்கு 1,680 பிடித்தம். ஈ.எஸ்.ஐ. 105ஐயும் கழித்தால் கைக்கு 12,215. 'பிடித்தம் வேண்டாம், முழுச் சம்பளமாகக் கொடுங்கள்' என்று பையன்களே கேட்பதுண்டு. முதலாளிக்கும் அது வசதி, அவர் பங்கான 1,680ம் மிச்சம். இழப்பு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், அதாவது குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் ஏறக்குறைய ஒரு மாதத் தொகை. தீபாவளிக்கு ஒரு சட்டைத் துணியும் இனிப்புப் பெட்டியும் கொடுத்து முடித்துவிடுவது போனஸ் ஆகாது. ஐந்து ஆண்டு ஒரே கடையில் நின்றால் பணிக்கொடை, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். 14,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 8,077 என்று வரும்.

சாப்பாடும் தங்குமிடமும் மதிப்புள்ளவைதான். வெளியே அறை எடுத்து மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டால் மதுரையில் மாதம் 6,000 ரூபாய்க்குக் குறையாது. ஆனால் அறையைப் போய்ப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் பத்துப் பேர் படுத்து, சித்திரை வெயிலில் வேகும் இடங்களையும் 'தங்குமிடம் இலவசம்' என்றுதான் சொல்கிறார்கள். தம்பி மேலூரிலிருந்தோ சோழவந்தானிலிருந்தோ தினமும் வந்து போவதாக இருந்தால், அறைக்குப் பதிலாக ஒரு படித்தொகை கேட்கலாம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் பார்த்து ஷிப்டைப் பேசிக்கொள்ள வேண்டும்.

முன்பணம் வாங்கவே வேண்டாம். 'அக்கா கல்யாணத்துக்கு 50,000 தருகிறேன், சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம்' என்பார்கள். கழியும் வரை வேறு கடைக்குப் போக முடியாது, சம்பள உயர்வு கேட்க வாய் வராது. முன்பணத்தைக் காட்டி ஆளைப் போகவிடாமல் வைத்திருப்பது 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அதேபோல் தட்டு உடைந்தது, மேசைக்காரர் பில் கொடுக்காமல் போய்விட்டார் என்று இஷ்டத்துக்குச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. அவனுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று காட்ட வேண்டும், அவன் தரப்பைக் கேட்க வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7 ஆம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டு நின்றால் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடித்துக் கொடுக்க வேண்டும். 'இருபதாம் தேதி வா பார்க்கலாம்' என்று அலையவிட்டால் தொழிலாளர் துறையில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம், அதற்கு வக்கீல் தேவையில்லை.

உங்கள் தம்பிக்கு நான் சொல்வது இது. கூப்பிட்ட இடத்தில் 10,000 ரூபாய்க்குச் சேர வேண்டாம். சாப்பாடு, அறை நீங்கலாக 13,000 கேட்கட்டும், ஈ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டா, வார விடுமுறைக்குச் சம்பளம் பிடிப்பார்களா, கூடுதல் நேரம் நின்றால் பேட்டா எவ்வளவு என்று கேட்கட்டும். டிப்ஸைப் பேச்சிலேயே எடுக்க வேண்டாம். முதலாளி எடுத்தால், "அது வருகிறபோது வரட்டும் ஐயா, சம்பளத்தைச் சொல்லுங்கள்" என்றால் போதும். ஊரில் 'சப்ளையர் தேவை' அட்டை தொங்காத தெரு இல்லை. ஆள் கிடைக்காமல் தவிப்பது முதலாளிகள்தான். ஐப்பசி பிறந்ததும் ஐயப்ப சீசனுக்கு ஆள் தேடுவார்கள். அவசரம் இல்லையென்றால் அதுவரை பொறுத்து, நாலு கடை ஏறி இறங்கிப் பேசினால் 14,000 வரைக்கும் படியும்.